வேப்பிலைத் தட்டு

உகாதிக்கு முந்தின வேலைநாளில் மோட்டார் சோதனைப் பிரிவுக்குள் இரண்டு தட்டுகள் வரும். பெரிய தட்டில் வேப்பம்பூவும் வெல்லமும் எள்ளும் கலந்திருக்கும். அது ஊரெல்லாம் தின்பது. சின்னத் தட்டில் வெறும் வேப்பிலை, ஒரே ஒரு கொத்து. அதை யார் எடுத்து மென்று விழுங்குகிறாரோ அந்த வருஷ மதிப்பீட்டில் கடைசித் தரமான 'டி' அவருக்கு. இப்படி ஒரு கூத்து தும்கூர் அந்தரசனஹள்ளி தொழிற்பேட்டையில் நடக்கிறதென்று மும்பைத் தலைமையகத்துக்கு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். யாரும் சொல்லவில்லை.

சிரிக்க அவர்களுக்கு என்ன யோக்கியதை? கூத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்கள்தான். எட்டுப் பேர் உள்ள பிரிவென்றால் ஒருவருக்காவது 'டி' போட்டே ஆகவேண்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன் உத்தரவு வந்தது. எட்டுப் பேரும் ஒழுங்காக வேலை செய்தால் என்ன செய்வது என்று கேட்டு எழுதினார் பிரிவுத் தலைவர் நஞ்சுண்டப்பா. அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. அவரோ, ஸ்டார்ட் ஆகாத தன் ஸ்கூட்டரைக்கூட ஒரு வார்த்தை திட்டாத மனுஷர். முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெயரை எழுதினார். அந்த ஆள் மூன்று மாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறு வருஷம் அவரே இரண்டு தட்டோடு வந்துவிட்டார்.

"முறை போட்டு எடுத்துக்குவோம்ப்பா. வருஷத்துக்கு ஒருத்தர். கசப்பு எல்லாருக்கும் பொதுவாப் போகட்டும்" என்றார்.

'டி' எடுத்தவருக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது. அதற்குப் பதில் மற்ற ஏழு பேரும் சனிக்கிழமைதோறும் கியாத்சந்திராவிலிருந்து தட்டு இட்லி வாங்கிவந்து கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சிவலீலா மூன்று முறை எடுத்தவள். முதல் தடவை அவள் முறை. இரண்டாம் தடவை மல்லேஷின் முறை. ஆனால் அந்த வருஷம் புனேயில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், 'டி' இருந்தால் போகமுடியாது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். "தள்ளுடா புண்ணியவானே" என்று இவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவை ஹேமாவதிக்காக. பிரசவ விடுப்பில் போனவளுக்கு வேலை செய்த மாதங்கள் குறைகின்றன, அதனால் அவளுக்கே போட்டுவிடுங்கள் என்று மேலேயிருந்து ஜாடை வந்தது. பச்சைப் பிள்ளைக்காரிக்கா 'டி' என்று சிவலீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கும் எடுத்தாள். மென்றுகொண்டே, "நம்ம கேன்டீன் கீரைக்கு இது எவ்வளவோ தேவலை" என்று வேறு சொன்னாள்.

அவளுக்கு அதில் ஒரு பயமும் இருந்ததில்லை. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் வகுப்பில் முப்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்துவந்தவள். இந்தத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்குகிற மோட்டாரைத் தொட்டியில் ஊறப்போட்டு, மின்கசிவு காட்டுகிற மெக்கர் கருவி வைத்துப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்லவேண்டியது அவள் வேலை. நல்லதென்றால் மோட்டாரின் உடம்பில் தன் எண்ணைக் குத்துவாள். அவள் எண் ஏழு. ஏழு குத்தின மோட்டார் சிராவிலும் பாவகடாவிலும் எத்தனை நிலக்கடலைக் காட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறதென்று அவளுக்குத் தெரியும். காகிதத்தில் என்ன எழுதினால் என்ன, வேலை தெரியாதா என்று இருந்தாள்.

நஞ்சுண்டப்பா ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைவர் யாரென்று கேட்டால் காவல்காரர்கூட சிவலீலாவின் பெயரைத்தான் சொல்வார். அவளும் மனசுக்குள் அந்த நாற்காலியைத் துடைத்துத் தயாராகவே வைத்திருந்தாள்.

மே மாதம் பதவிக்கான பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. சோதனைப் பிரிவின் வாயாடி புட்டராஜுதான் முதலில் ஓடிப்போய்ப் படித்தான். திரும்பி வரும்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு பேர் இருக்கு அக்கா. நம்ம ஆளுங்கள்ல மல்லேஷ் பேர் இருக்கு."

"அப்புறம்?"

"உன் பேர் இல்லை."

அதே நேரம் எச்.ஆர். அலுவலகத்திலிருந்து ஒரு உறை வந்தது. நின்ற இடத்திலேயே கிழித்துப் படித்தாள். ஆறு வருஷத்தில் மூன்று 'டி' பெற்றவர்கள் பதவி உயர்வுக்குத் தகுதியற்றவர்கள். தொண்ணூறு நாள் மேம்பாட்டுத் திட்டத்தில் வைக்கப்படுவார்கள். முன்னேற்றம் காணாவிட்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். கீழே வினுதா என்ற கையெழுத்து. மங்களூரிலிருந்து வந்து எட்டு மாதமான புது எச்.ஆர். மேனேஜர். வந்தவுடனே பழைய ஃபைல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். கணினிக்குத் தட்டு இட்லிக் கதை தெரியுமா? மூன்று 'டி'யைப் பார்த்தது, ஒரு பெயரைத் துப்பியது.

சிவலீலாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மறுபடி படித்தாள். நாற்காலி போனது மட்டுமில்லை, வேலையும் போகலாம் என்பது அந்தக் காகிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது.

மதியம் கேன்டீனில் முத்தெயும் பஸ்ஸாரும், அதாவது கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். யாரும் தட்டில் கை வைக்கவில்லை. நஞ்சுண்டப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன் தாயி. தப்பு என்னோடது."

"உக்காருங்க சார். சொன்னா என்ன ஆகும்? ஆறு வருஷம் பொய் மதிப்பெண் எழுதினீங்கன்னு ரெண்டு மாசம் இருக்கையில வீட்டுக்கு அனுப்புவாங்க. மாலை கூட போடமாட்டாங்க."

"மாலை கிடக்குது. உனக்கு இப்படி ஆகலாமா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. முத்தெ ஆறுது, சாப்பிடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, தனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. கை கழுவப் போனபோது தண்ணீர்த் தொட்டி ஓரம் மல்லேஷ் வந்து நின்றான். முப்பத்தாறு வயசு, புனே பயிற்சிக்குப் பிறகு முதுநிலைச் சோதனையாளர் என்று பட்டம் வாங்கியவன். கையைப் பிசைந்தான்.

"அக்கா, நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது..."

"தப்பா எடுத்துக்கிற மாதிரி ஏதோ சொல்லப்போறே. சொல்லு."

"அந்தப் புனே வருஷத்து விஷயம். அது வெளிய வந்தா என் பட்டமே செல்லாதுன்னு ஆயிடும். பட்டியல்ல பேர் வேற வந்திருக்கு. நீங்க தொண்ணூறு நாளைத் தூங்கிக்கிட்டே தாண்டிடுவீங்க..."

"நான் தூங்குறேன், நீ நாற்காலியில உக்காரு. நல்லா இருக்குடா கணக்கு."

"அக்கா..."

"போ. நான் யார் பேரையும் சொல்லப்போறதில்லை. உனக்காக இல்லை. தின்னதை வெளியில துப்புற பழக்கம் எனக்குக் கிடையாது, அதுக்காக."

அவன் போனபிறகு குழாயைத் திறந்து முகத்தை அடித்து அடித்துக் கழுவினாள். ஆத்திரம் அவன்மேல் இருந்ததைவிடத் தன்மேல்தான் அதிகம் இருந்தது. பெரிய தர்மவதி மாதிரி மென்று காட்டினாளே, அப்போது ஒரு நிமிஷம் யோசித்தாளா?

மறுநாள் எச்.ஆர். அறையில் வினுதா, நஞ்சுண்டப்பா, சிவலீலா மூவரும் உட்கார்ந்தார்கள். வினுதா முப்பது தாண்டியவள். கண்ணாடி, கச்சிதமான பேச்சு, கேட்டதற்கு நேராகப் பதில் எதிர்பார்க்கிற பார்வை. கெட்டவள் இல்லை. நஞ்சுண்டப்பாவிடம் ஒரு படிவத்தை நகர்த்தினாள்.

"இவங்ககிட்ட இருக்கிற மூணு குறையை எழுதணும் சார். ஒவ்வொண்ணுக்கும் தேதி, மோட்டார் எண், என்ன நடந்ததுன்னு ஒரு உதாரணம். அதை வச்சுத்தான் தொண்ணூறு நாள் திட்டம் போடமுடியும்."

நஞ்சுண்டப்பா பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். மின்விசிறியைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் ஒரு வரி எழுதிப் படிவத்தைத் திருப்பினார்.

வினுதா படித்தாள். "'அதிகம் பேசுவார்.' இது ஒரு குறையா சார்?"

"நீங்க இன்னும் கேட்டதில்லை மேடம்."

சிவலீலாவுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள். வினுதா சிரிக்கவில்லை. கணினித் திரையைச் சிவலீலா பக்கம் திருப்பினாள்.

"சரி, நான் சொல்றேன். மூணு வருஷமும் காரணம்னு எழுதியிருக்கிறது ஒரே வரி. வேகம் போதாது. அது உண்மைதான் போல. நீங்க ஒரு நாளைக்கு முப்பது மோட்டார் பாக்கறீங்க. மல்லேஷ் நாப்பத்திரண்டு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

நஞ்சுண்டப்பாவின் தலை தொங்கிவிட்டது. வேகம் போதாது என்பது அவர் எல்லா 'டி'க்கும் எழுதுகிற வழக்கமான வரி. எவருக்கும் வலிக்காதென்று தேர்ந்தெடுத்தது. போயும் போயும் இவள் விஷயத்தில் அது நிஜம்போல வந்து நின்றது.

சிவலீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தால் அவளுக்குப் பயம் போய்விடும்.

"முப்பதுதான் மேடம். முப்பத்தொண்ணு வராது. நான் ஒண்ணு கேக்கலாமா? அந்த நாப்பத்திரண்டும் என் முப்பதும் எங்க போகுது?"

"வாடிக்கையாளர்கிட்ட."

"போனதுல எத்தனை திரும்பி வருது?"

வினுதா திரையில் தேடினாள்.

"அது இந்தக் கட்டடத்துல இல்லை. கேட்டுக்குப் பக்கத்துல சர்வீஸ் ஆபீஸ்ல இருக்கு. திரும்பி வர்ற ஒவ்வொரு மோட்டாரையும் புத்தகத்துல எழுதுறாங்க, குத்தின எண்ணோட. ஏழாம் எண் என்னோடது. கணினியில ஏத்தினீங்களே, அந்தப் புத்தகத்தையும் ஏத்துங்க. கிணத்துக்குள்ள ஐநூறு அடி இறங்கின மோட்டாரைத் தூக்குறதுக்கு ஒரு விவசாயி என்ன பாடு படறான்னு தெரியுமா? அவன் தூக்கிட்டு வந்து போட்ட மோட்டார்ல எத்தனை ஏழு இருக்குன்னு பாருங்க. அதிகமா இருந்தா தொண்ணூறு நாள் வேண்டாம், அன்னிக்கே கிளம்பிடறேன்."

"இவ்வளவு தைரியமா சொல்றீங்க. அப்ப மூணு தடவை டி போட்டப்ப ஏன் ஒரு ஆட்சேபமும் எழுதலை? கையெழுத்து போட்டிருக்கீங்க."

"போட்டேன்."

"ஏன்?"

"போட்டேன் மேடம். அவ்வளவுதான்."

வினுதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ மறைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னவென்றுதான் தெரியவில்லை.

அன்று கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சிவலீலா வீடு வரை யாரிடமும் பேசவில்லை. புட்டராஜு வந்து, "என்ன அக்கா, நம்ம வானொலி நின்னுபோச்சா?" என்று சீண்டிப் பார்த்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்க்கச் சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தம்மா பார்ப்பாளா என்பதுதான் சந்தேகம்.

பார்த்தாள். ஒரு வாரம் சர்வீஸ் ஆபீசிலேயே கிடந்தாள் என்று காவல்காரர் வந்து சொன்னார். எட்டாம் நாள் காலை ஒரு கட்டுக் காகிதத்தோடு நேராகச் சோதனைப் பிரிவுக்குள் நுழைந்தாள். எச்.ஆரில் இருந்து அங்கே யாரும் வந்ததே கிடையாது. மெக்கர் மாட்டுகிற கைகள் எல்லாம் நின்றன.

"மூணு வருஷக் கணக்கு எடுத்தேன். ஏழாம் எண்ணுல திரும்பி வந்தது பதினாலு. இந்தத் தொழிற்சாலையிலயே குறைவு" என்றாள்.

புட்டராஜு விசிலடிக்க வாயைக் குவித்தான். நஞ்சுண்டப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அதிகம் நாலாம் எண். இருநூத்துப் பன்னெண்டு."

நாலாம் எண் மல்லேஷுடையது. அவன் தரையைப் பார்த்தான்.

"நாலாம் எண்ணுக்கு இந்த ஆபீஸ் ரெண்டு தடவை 'ஏ' கொடுத்திருக்கு. ஏழுக்கு மூணு 'டி'. அதோட விடலை நான். ஆறு வருஷத்து டி பட்டியலை எடுத்து வச்சுப் பார்த்தேன். சிவலீலாவைத் தவிர்த்தா ஒருத்தருக்கும் ரெண்டாவது தடவை வரலை. அப்படி எங்கயாவது நடக்குமா? முறை போட்டு எடுத்துக்கிட்டீங்க. இல்லையா?"

ஆளுக்கு ஒரு மோட்டாரின் பக்கம் குனிந்துகொண்டார்கள்.

வினுதா சிவலீலாவுக்கு எதிரே வந்து நின்றாள். "உங்க மூணுல எது உங்களோடது, எது மத்தவங்களோடது? பேரைச் சொல்லுங்க. ஃபைல்ல இருக்கிறதை நான் சும்மா மாத்தமுடியாது. யாருக்குப் போயிருக்கணும்னு எழுதினாதான் உங்க பேர்ல இருந்து எடுக்கமுடியும். சொல்லலைன்னா அந்தக் கடிதம் அப்படியே நிக்கும். நல்ல வேலைக்காரிங்கிறதுக்காக விதியைத் தூக்கி எறிய முடியாது."

இதுதான் சிவலீலா எதிர்பார்த்த இடம். இரண்டு பெயர். இரண்டே பெயர் சொன்னால் நாற்காலி அவளுடையது. மல்லேஷின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"எடுத்தது என் கை மேடம். தின்னது என் வாய். அதுல என் பேர் மட்டும்தான் இருக்கு."

"வேலை போகலாம். தெரியுதா?"

"தெரியுது. தொண்ணூறுல எட்டு போச்சு, இன்னும் எண்பத்திரண்டு இருக்கு. என் மோட்டாரை எண்ணிக்கிட்டே இருங்க. நான் முப்பதுதான் பாப்பேன். அதையும் இப்பவே சொல்லிடறேன், பின்னால வேகம் போதாதுன்னு ஆச்சரியப்படாதீங்க."

சொல்லிவிட்டு மெக்கரை எடுத்து அடுத்த மோட்டாரில் மாட்டினாள். பக்கத்திலிருந்த ஹேமாவதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"நடுவுல இருக்கிற டி என்னோடது மேடம்."

மல்லேஷ். கையிலிருந்த மெக்கரைக் கீழே வைத்தான். "புனே போன வருஷத்துது. என் முறை. நான் எடுக்கலை. அக்கா எடுத்தாங்க. எழுதிக்கோங்க."

"கடைசி டி எனக்கு வந்திருக்கவேண்டியது" என்றாள் ஹேமாவதி. "குழந்தை பிறந்த வருஷம். அது எனக்கும் நியாயமில்லை, அவங்களுக்கும் நியாயமில்லை. ஆனா என் பேர்லதான் வந்திருக்கணும்."

"மொத்தமும் என்னோடது. தட்டைக் கொண்டுவந்தவன் நான்" என்றார் நஞ்சுண்டப்பா.

"தட்டா? என்ன தட்டு?" என்றாள் வினுதா.

புட்டராஜு சொன்னான். வேப்பிலை, வெல்லம், கியாத்சந்திரா இட்லி, எதையும் விடாமல் சொன்னான். பாதியில் வினுதா அங்கிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தாள். கோபம்தான் வென்றது.

"ஆறு வருஷமா இந்த ஆபீஸ் காத்துல எழுதிட்டிருந்திருக்கு. அதை வச்சு ஆளைப் புனேக்கு அனுப்பியிருக்கோம், பட்டம் கொடுத்திருக்கோம். இவங்களை வீட்டுக்கே அனுப்ப இருந்தேன். உங்க யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லையா?"

"இருக்கு மேடம்" என்றாள் சிவலீலா. "ஆனா எட்டுல ஒருத்தன் மோசமா இருந்தே ஆகணும்னு எழுதினவங்களுக்கும் கொஞ்சம் இருக்கணும். வைண்டிங் பிரிவுக்குப் போய்ப் பாருங்க, சீட்டுக் குலுக்குறாங்க. பெயின்ட் பிரிவுல வயசு வரிசை. நாங்களாவது இட்லி வாங்கிக் கொடுத்தோம்."

வினுதா அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு நஞ்சுண்டப்பா பக்கம் திரும்பி, "சார், அந்த முதல் குறை சரிதான்" என்றாள்.

அதன்பின் நடந்ததை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. நஞ்சுண்டப்பாவுக்கு எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கை கிடைத்தது; ஜூலை முடிவில் மாலையும் கிடைத்தது. மல்லேஷின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று; சிவலீலாவின் கடிதம் ரத்தாகி அவள் பெயர் அதில் ஏறியது. வினுதா எல்லாப் பிரிவுக்கும் நடந்தாள். பார்த்ததை எழுதி மும்பைக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் அவர்களோடு மல்லுக்கட்டினாள். கடைசியில், இந்த ஒரு தொழிற்சாலையில் மட்டும் ஒரு வருஷத்துக்குக் கட்டாய 'டி' கிடையாது, சோதித்த எண்ணிக்கையோடு, திரும்பி வருகிற மோட்டாரையும் சேர்த்து எடைபோடலாம், எந்த மதிப்பெண் ஆனாலும் ஆளை எதிரே உட்காரவைத்துக் காரணம் சொல்லவேண்டும் என்று அனுமதி வாங்கினாள். ஆகஸ்ட் முதல் தேதி சிவலீலா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கால் ஆடுகிற நாற்காலி. முதல் வேலையாக அதற்கு ஒரு ஆப்பு வைத்தாள்.

அடுத்த உகாதி வந்தது. முந்தின நாள் மதியம் ஒரே தட்டுதான் வந்தது. வேப்பம்பூவும் வெல்லமும் கலந்தது. எல்லோரும் ஒரு கை எடுத்துக்கொண்டார்கள். "இந்த வருஷம் யாருக்கும் கசப்பு இல்லை" என்று புட்டராஜு கூவினான்.

சிவலீலா ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டாள். கடைசியாக மல்லேஷ். காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பார்த்தவன் முகம் கறுத்தது.

"டியா? இந்த வருஷம் கட்டாயம் இல்லைன்னாங்களே அக்கா."

"கட்டாயம் இல்லை. அதனாலதான் எழுதினேன். இது முறைக்கு வந்தது இல்லை. முழுக்க உன்னோடது."

"பழசை மனசுல வச்சுக்கிட்டு..."

"அடி வாங்குவே. கீழ படி."

கீழே ஒன்பது மோட்டார் எண்கள் இருந்தன. எல்லாம் நாலு குத்தியவை. எல்லாம் கடைசி ஆறு மாதத்தில் திரும்பி வந்தவை. ஆகஸ்டுக்குப் பிறகு அவன் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் இருந்தான். ஆனாலும் வந்துகொண்டேயிருந்தன, தன் ராசி அப்படி என்று கேன்டீனில் நொந்துகொள்வான். ராசி என்பதை சிவலீலா நம்புகிறவள் இல்லை. அந்த வாரம் ஒன்பதையும் தன் கையாலேயே பிரித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு நாள் சத்தமில்லாமல் அவன் பின்னால் நின்று பார்த்தாள்.

"நீ மெக்கர் வச்சதும் முள் சட்டுன்னு மேல போகுது இல்லை? போய் நிக்குது. நின்னதும் எழுதிட்டு எடுத்துடறே."

"ஆமா. நின்னாச்சு, நல்ல மோட்டார்."

"ஒரு முழு நிமிஷம் வச்சிருக்கணும். கெட்ட வைண்டிங்ல முள் மேல போய் நிக்கும், அப்புறம் மெதுவா இறங்க ஆரம்பிக்கும். நாப்பது செகண்டுக்கு மேலதான் இறங்கும். நீ பத்துல எடுத்துடறே. உன் வேகத்துல இருக்கிற தப்பு முழுக்க அந்த அம்பது செகண்டுதான்."

மல்லேஷ் அவளையே பார்த்தான். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பதினோரு வருஷமா இதைத்தானே பண்ணிட்டிருக்கேன்? ஏ கொடுத்தாங்க, புனேக்கு அனுப்பினாங்க, பட்டம் கொடுத்தாங்க. ஒருத்தர்கூடச் சொல்லலையே அக்கா. அந்த வருஷமே யாராவது உக்காரவச்சு இதைச் சொல்லியிருந்தா..."

முடிக்காமல் விட்டான். சிவலீலாவுக்குச் சுருக்கென்றது. எந்த வருஷம் என்று அவன் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கொத்தை அவனிடமே விட்டிருந்தால், புனே கையைவிட்டுப் போகிறதே, எனக்கு ஏன் என்று அவன் கேட்டிருப்பான். யாராவது பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். பெரிய மனசு என்று நினைத்து அவள் பிடுங்கித் தின்றது அவனுக்குச் சேரவேண்டியதை. அதற்கு அப்புறம் வந்த இருநூற்றுப் பன்னிரண்டும் எங்கெங்கோ நட்டநடுக் காட்டில் நின்றுபோய், யார் யாரோ கயிறு கட்டித் தூக்கியவை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று 'டி' வந்தபோதுகூட அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

"அதை நான் தின்னிருக்கக்கூடாதுடா" என்றாள். "தப்புத்தான்."

மல்லேஷ் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கீழே கையெழுத்துப் போட்டான். பிறகு எழுந்து, "இன்னும் அரை மணி இருக்கு. ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?" என்றான்.

இருவரும் தொட்டிக்கு வந்தார்கள். ஊறிக்கொண்டிருந்ததில் ஒன்றை அவன் தேர்ந்தெடுத்து மெக்கரை மாட்டினான். சிவலீலா கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். முள் விர்ரென்று மேலே போய் நின்றது. அவன் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது, தானே இழுத்துக்கொண்டான். இருபது. முப்பது. ஹேமாவதியும் புட்டராஜுவும் வந்து பின்னால் நின்றார்கள். நாற்பத்தைந்தில் முள் லேசாக அசைந்து கீழே இறங்கத் தொடங்கியது.

"இறங்குது" என்றான் மல்லேஷ். நிமிஷம் முடிகிற வரை கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் சிவப்புச் சுண்ணக்கட்டியை எடுத்து மோட்டார்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். கடிகாரத்தை அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த மோட்டாரை மாட்டினான்.